தானியங்கி வாகனங்களின் முடிவுகளுக்குச் சான்று கேட்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓட்டுநர் இல்லாமல் ஓடும் வாகனங்கள், தாமாகவே பறந்து மருந்து தெளிக்கும் ட்ரோன்கள், மனிதர் அருகில் இல்லாமலேயே பொருளை வாங்கி விற்கும் மென்பொருள்கள் ஆகியவற்றைப் பற்றித் தங்கள் நாளிதழ் அண்மைக் காலமாகத் தொடர்ந்து எழுதி வருகிறது. அவற்றை விடாமல் படித்து வரும் கணினி அறிவியல் ஆசிரியை நான். அந்த வாகனம் எத்தனை கிலோமீட்டர் ஓடிக் காட்டியது, அந்த ட்ரோன் எத்தனை ஏக்கருக்குத் தெளித்தது என்பதெல்லாம் செய்திகளில் விரிவாக இருக்கின்றன. அது எடுக்கக்கூடிய முடிவுகள் அத்தனையையும் யாராவது கணித முறையில் சரிபார்த்தார்களா என்ற கேள்வி மட்டும் எங்கும் எழுப்பப்படவில்லை. சோதனை ஓட்டத்தால் பிழை இருப்பதைக் காட்ட முடியுமே தவிரப் பிழையே இல்லை என்பதைக் காட்ட முடியாது என்று டச்சுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா அரை நூற்றாண்டுக்கு முன்பே சொல்லிவிட்டார். அப்போது கணினி ஓர் அறைக்குள் இருந்தது. இன்று அது நம்மோடு சாலையில் வரப்போகிறது.

இதற்கென்றே வளர்ந்த ஒரு முறைக்கு மாதிரிச் சரிபார்ப்பு என்று பெயர். ஒரு நிரல் எந்தெந்த நிலைகளில் இருக்க முடியுமோ அவை அனைத்தையும், ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்குச் செல்லும் வழிகள் அனைத்தையும் கணினியே ஒன்று விடாமல் நடந்து பார்த்து, நாம் கேட்ட நிபந்தனை எங்கேனும் மீறப்படுகிறதா என்று சொல்லும். 'இது ஒருபோதும் நிகழாது', 'இது என்றாவது ஒரு நாள் நிகழ்ந்தே தீரும்' என்பன போன்ற நிபந்தனைகளை எழுதுவதற்கான காலத் தருக்கத்தை 1977-இல் இஸ்ரேலியக் கணினி அறிஞர் அமிர் ப்னுவேலி நிரல்களுக்குக் கொண்டுவந்தார். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எட்மண்ட் கிளார்க், ஆலன் எமர்சன் ஆகியோரும், பிரான்சில் ஜோசப் சிஃபாகிஸும் சரிபார்ப்பை இயந்திரமே செய்யும் வழியைக் கண்டார்கள்; மூவருக்கும் கணினி அறிவியலின் மிக உயர்ந்த விருதாகக் கருதப்படும் டூரிங் விருது 2007-ஆம் ஆண்டுக்கு வழங்கப்பட்டது. மீறல் இருந்தால் 'தவறு' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல், எந்தப் படியிலிருந்து எந்தப் படி வழியாகச் சென்றால் அந்த மீறல் நேர்கிறது என்ற முழுத் தடத்தையும் எதிர் எடுத்துக்காட்டாகக் கையில் கொடுப்பதே இம்முறையின் பெரிய பலம் என்பேன்.

சாதாரண நிரலுக்கும், தானாக முடிவெடுக்கும் முகவர் மென்பொருளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பின்னதற்கு உலகைப் பற்றிய சில நம்பிக்கைகள் உண்டு. அடைய விரும்பும் இலக்குகள் உண்டு. அந்த இலக்குகளுள் எதை இப்போது கைக்கொள்வது என்று தீர்மானித்த எண்ணங்களும் உண்டு. மனிதரின் செயலை இவ்வாறு பிரித்துக் காட்டியவர் மெய்யியலாளர் மைக்கேல் பிராட்மன்; அவருடைய நூல் 1987-இல் வந்தது. அதைக் கணினிக்குரிய வடிவமாக்கியவர்கள் ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய ஆனந்த் ராவும் மைக்கேல் ஜார்ஜெஃபும் ஆவர். இத்தகைய முகவர்கள் பல ஒரே இடத்தில் இயங்கும்போது, தனித்தனியே பார்த்தால் குறையே இல்லாத விதிகள் ஒன்றுசேர்ந்து விபத்தை உண்டாக்கலாம். இதைச் சொல்லால் விளக்குவதைவிட நம் ஊர்ச் சாலையில் வைத்துக் காட்டுவது நல்லது.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அகலம் போதாத மலைச்சாலையில், இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. ஒரு பேருந்து திரும்பினால் வளைவின் முழு அகலமும் அதற்கே வேண்டியிருக்கிறது. ஆகவே ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டுமே நுழையக்கூடிய ஒரு வளைவையும், ஏறும் தானியங்கி வண்டி ஒன்றையும், இறங்கும் தானியங்கி வண்டி ஒன்றையும் எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு வண்டியும் தொலைவில் இருக்கலாம், வளைவின் வாயிலில் இருக்கலாம், வளைவுக்குள் இருக்கலாம், அல்லது வளைவைக் கடந்திருக்கலாம். 'வழி காலியாக இருக்கிறது' என்று அது நம்பலாம் அல்லது நம்பாமல் இருக்கலாம். 'நுழைவேன்' என்று எண்ணலாம் அல்லது 'நிற்பேன்' என்று எண்ணலாம். ஒரு வண்டிக்கு 16 நிலைகள். இரண்டுக்கும் சேர்த்து 256. இறங்கும் வண்டிக்கான விதி: எதிரே யாரும் ஏறி வரவில்லை என்று நம்பினால் நுழை, இல்லையென்றால் நில். ஏறும் வண்டிக்கான விதி: வளைவுக்குள் யாரும் இல்லை என்று நம்பினால் நுழை. இரண்டும் நியாயமான விதிகள்; எந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியிலும் இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள்.

இந்த 256 நிலைகளையும் சரிபார்ப்பான் நடந்து பார்த்தால் ஒரு தடத்தைக் கண்டுபிடித்துவிடும். இறங்கும் வண்டி மேல் வாயிலில் நின்று பார்க்கிறது; எதிரே எவரும் இல்லை; நுழைவது என்று தீர்மானிக்கிறது. தீர்மானித்ததற்கும் சக்கரம் உருள்வதற்கும் இடைப்பட்ட அந்தச் சிறு பொழுதில் ஏறும் வண்டி கீழ் வாயிலுக்கு வந்து சேருகிறது, அதுவும் பார்க்கிறது, வளைவுக்குள் இன்னும் எவரும் இல்லை, அதுவும் தீர்மானிக்கிறது. இரண்டும் உள்ளே நுழைகின்றன. இங்கே எந்த வண்டியும் விதியை மீறவில்லை. எந்த வண்டியும் பார்த்த பொழுதில் தவறாகப் பார்க்கவுமில்லை. என் மாணவர்களிடம் இதைத் தாளில் வரையச் சொன்னால், இரண்டு விதிகளையும் தனித்தனியே படித்துவிட்டு 'சரிதானே' என்று பெரும்பாலோர் சொல்லிவிடுகிறார்கள். இரண்டு வண்டிகளின் படிகளையும் ஒன்றோடொன்று பின்னிப் பார்க்கும்போதுதான் அவர்கள் கை நிற்கிறது.

நுழையும் முன் இன்னொரு முறை பார் என்று விதியைத் திருத்தினால் போதுமா? போதாது, இரண்டாவது முறை பார்த்ததற்கும் உருள்வதற்கும் இடையில் அதே இடைவெளி மறுபடியும் வந்துவிடுகிறது. கொண்ட எண்ணத்தை எது வரையில் பற்றிக்கொண்டிருப்பது, எப்போது கைவிடுவது என்பதை ராவும் ஜார்ஜெஃபும் 1991-லேயே பல வகைகளாகப் பிரித்து ஆராய்ந்தது இந்தச் சிக்கலுக்கு மிக நெருக்கமானது. மலைப்பாதை ஓட்டுநர்கள் இதற்குக் கண்ட வழி ஹாரன்: வளைவுக்கு முன் ஒலிக்கிறார்கள், பதில் ஒலி வந்தால் ஒதுங்குகிறார்கள். இயந்திரங்களுக்கு அதையே 'கேள், ஒப்புதல் வரும் வரை நுழையாதே' என்ற விதியாக எழுதலாம். அப்படி எழுதினால் இரண்டும் ஒன்றாக நுழைவதில்லை என்பது நிறுவப்பட்டுவிடும். ஆனால் பாறை மறைத்துச் செய்தி ஒன்று தொலைந்துபோனால் இரண்டும் ஒப்புதலுக்காகக் காத்தபடி நின்றுவிடும். பாதுகாப்பு இருக்கும், பயணம் இருக்காது. செய்தி தொலைந்தால் என்ன செய்வது என்றும் எழுதிச் சேர்த்தபின், விடுமுறை நாள் காலையில் வண்டிகள் வரிசையாக ஏறிக்கொண்டே இருக்கும்போது, எஸ்டேட்டிலிருந்து நோயாளியை ஏற்றிக்கொண்டு இறங்கும் வண்டி முடிவில்லாமல் காத்திருக்க நேரலாம் என்று சரிபார்ப்பான் அடுத்த தடத்தை நீட்டும். ஏறுபவருக்கே முதலுரிமை என்ற விதி அதை அனுமதிக்கிறது. மனித ஓட்டுநர் ஒருவர் மனமிரங்கி நிறுத்தி வழிவிடுவார். விதியில் எழுதப்படாத இரக்கத்தை இயந்திரத்திடம் எதிர்பார்க்க முடியாது. அதை எழுதத்தான் வேண்டும், எழுதியதைச் சரிபார்க்கத்தான் வேண்டும்.

வண்டிகளின் எண்ணிக்கை கூடக்கூட வேலை கடினமாகும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஐந்து வண்டிகளுக்கு நிலைகள் பத்து லட்சத்தைத் தாண்டும். பத்து வண்டிகளுக்கு ஒரு லட்சம் கோடியைத் தாண்டும். இதைச் சமாளிக்க நிலைகளைத் தனித்தனியே எண்ணாமல் தொகுதி தொகுதியாகக் கையாளும் உத்திகள் 1990 வாக்கிலேயே வந்துவிட்டன. இன்னொரு வழி, ஒரே ஒரு முகவரை எடுத்துக்கொண்டு, வெளியுலகிலிருந்து அதற்கு என்னென்ன செய்திகள் எந்தெந்த வரிசையில் வரக்கூடுமோ அத்தனைக்கும் அது என்ன முடிவெடுக்கும் என்று பார்ப்பது. லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஃபிஷர், லூயீஸ் டென்னிஸ் ஆகியோர், நாசா உருவாக்கிய ஜாவா பாத்ஃபைண்டர் என்னும் சரிபார்ப்பானின் மேல், முகவர் நிரல்களுக்கென ஒரு கருவியைக் கட்டி இவ்வழியில் சென்றார்கள். வரிசையாகப் பின்தொடர்ந்து ஓடும் தானியங்கி வாகனத் தொடரைப் பற்றி அவர்கள் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வு, சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரித் தொழில் நடத்துவோர் அறிய வேண்டிய ஒன்று. தொடரில் சேர விரும்பும் வாகனம், தலைமை வாகனத்திடமிருந்து ஒப்புதல் வந்ததாக நம்பாத வரையில் சேரும் முயற்சியை ஒருபோதும் தொடங்காது என்பது அங்கே சரிபார்க்கப்பட்ட நிபந்தனைகளுள் ஒன்று. எத்தனை நொடிகளுக்குள் என்ற கணக்கை வேறொரு கருவியிடம் விட்டுவிட்டு, முடிவெடுக்கும் பகுதியை மட்டும் இந்தக் கருவியால் சரிபார்த்தார்கள்.

அந்த நிபந்தனையில் 'ஒப்புதல் வந்தால்' என்று இல்லாமல் 'ஒப்புதல் வந்ததாக நம்பினால்' என்று இருப்பதைப் படிப்போர் கவனிக்க வேண்டுகிறேன். கார்த்திகை, மார்கழிப் பனிமூட்டத்தில் சேர்வராயன் மலையில் கேமராவுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை எந்தத் தேற்றத்தாலும் நிறுவ முடியாது. உலகம் எப்படி இருக்கும் என்பதற்குச் சான்று கிடையாது. 'பாதுகாப்பற்றது என்று தானே நம்பும் செயலை இந்த இயந்திரம் எந்தச் சூழலிலும் தேர்ந்தெடுக்காது' என்பதற்குச் சான்று கிடைக்கும். இது குறைவான வாக்குறுதி என்று சிலர் நினைக்கலாம். விபத்து வழக்கில் ஓட்டுநர் என்ன அறிந்திருந்தார், அறிந்துகொண்டு என்ன செய்தார் என்பதைத்தானே நீதிமன்றமும் விசாரிக்கிறது. அதே கேள்விக்கு, விபத்து நடப்பதற்கு முன்பே, எல்லாச் சூழல்களுக்கும் சேர்த்துப் பதில் தருகிறது இந்தச் சான்று.

நம்பிக்கைப் பகுதியும் முடிவுப் பகுதியும் பிரிக்கப்படாமல் ஒன்றோடொன்று கலந்து கிடந்தால் என்ன நேரும் என்பதற்கு, 2018 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெம்பி நகரில் நடந்த விபத்தின் விசாரணை அறிக்கையைப் படித்தாலே போதும். இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணைச் சோதனைத் தானியங்கிக் கார், மோதுவதற்கு 5.6 நொடிகளுக்கு முன்பே உணர்ந்துவிட்டது. ஆனால் அவரை வாகனம் என்றும், வேறு ஏதோ பொருள் என்றும், சைக்கிள் என்றும் மாற்றி மாற்றி வகைப்படுத்தியது. ஒவ்வொரு முறை வகை மாறும்போதும் அவர் அதுவரை நகர்ந்து வந்த தடத்தைக் கணக்கிலிருந்து எறிந்துவிட்டது. நடைபாதைக் கோடு இல்லாத இடத்தில் மனிதர் கடக்கக்கூடும் என்பதே அதன் வடிவமைப்பில் இல்லை. 'எதிரே ஏதோ ஒன்று இருப்பதாக நம்பிக்கொண்டே, அது இன்னதென்று தெரியாத நிலையில், வேகத்தைக் குறைக்காமல் செல்லும் எண்ணம் இதற்கு எப்போதாவது வருமா?' என்று ஒரு சரிபார்ப்பானிடம் கேட்டிருந்தால், 'வரும்' என்ற பதிலும் அதற்கான தடமும் ஆய்வுக்கூடத்திலேயே கிடைத்திருக்கும் என்பது என் உறுதியான கருத்து. அப்படிக் கேட்கத் தக்க வகையில் அது கட்டப்படவில்லை.

முகவர்களில் சிலர் மனிதர்களாக இருக்கும்போது நிலைமை இன்னும் சிக்கலாகிறது. 2002 ஜூலை 1 அன்று ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் உயிரிழந்தனர். இரண்டு விமானங்களிலும் இருந்த மோதல் தடுப்புக் கருவிகள் தமக்குள் பேசி, ஒன்றை ஏறச் சொல்லியும் மற்றொன்றை இறங்கச் சொல்லியும் சரியாகவே முடிவெடுத்தன. தரைக் கட்டுப்பாட்டாளர் ஒரு விமானத்தை இறங்கச் சொன்னார், அதன் விமானிகள் கருவியின் சொல்லை விட்டுக் கட்டுப்பாட்டாளரின் சொல்லைக் கேட்டனர், இரண்டும் இறங்கின. ஏற்காட்டுப் பாதையில் தானியங்கி வண்டிகளும், அரசுப் பேருந்துகளும், இருசக்கர வாகனங்களில் வரும் சுற்றுலாப் பயணிகளும் பல ஆண்டுகள் கலந்தே ஓடப்போகிறார்கள். மனிதரை மாதிரியில் சேர்க்காத சான்று இங்கே அரைச் சான்றுதான்.

இதுவரை சொன்னவை ஒத்துழைக்க விரும்பும் முகவர்களைப் பற்றியவை. தன் நலனை மட்டுமே கருதும் முகவர்கள் கூடும் இடம் சந்தை. மரவள்ளியும் ஜவ்வரிசியும் விலைபோகும் நம் மாவட்டத்தில், நாளை ஒவ்வொரு வியாபாரியும் விலை கேட்பதை ஒரு மென்பொருளிடம் ஒப்படைத்தால், அந்த மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று ஒரு சொல்லும் பேசிக்கொள்ளாமலேயே விவசாயிக்குக் குறைந்த விலை தரும் நிலையில் போய் அமர்ந்துவிடக் கூடுமா? விற்பவர் பக்கத்தில் இதற்கு இணையான ஒன்று நிகழ முடியும் என்று இத்தாலியப் பொருளியலாளர்கள் 2020-இல் காட்டியிருக்கிறார்கள்: தாமே கற்றுக்கொள்ளும் விலை நிர்ணய மென்பொருள்கள், தமக்குள் எந்தத் தொடர்பும் இல்லாமலேயே போட்டி விலைக்கு மேலான விலையில் நிலைகொண்டன. ஒவ்வொரு முகவரும் தனக்கு எது இலாபமோ அதையே செய்தால் எட்டப்படும் சமநிலைகளில் நாம் கேட்கும் நிபந்தனை நிலைக்குமா என்று ஆராயும் ஒரு கிளையை ஆக்ஸ்போர்டில் மைக்கேல் வூல்ட்ரிட்ஜ் போன்றோர் வளர்த்து வருகிறார்கள். உழவர் நலனைக் கருதும் எவரும் இக்கிளையைக் கவனிக்க வேண்டும்.

இப்போது எல்லோரும் பேசுகிற, சாட்ஜிபிடி போன்றவற்றுக்கு அடிப்படையான பெரிய மொழி மாதிரிகளைக் கொண்டு முகவர்களைச் செய்துவிடலாமே, இத்தனை பாடு எதற்கு என்று என்னிடம் கேட்கிறார்கள். பல நூறு கோடி எண்களுக்குள் புதைந்திருக்கும் ஒரு வலையமைப்பின் முடிவுகளை நான் மேலே சொன்ன முறையில் முழுமையாக நடந்து பார்க்க இயலாது. அதனால் அவற்றை ஒதுக்கிவிட வேண்டும் என்று சொல்லவில்லை. அவை பார்க்கட்டும், கேட்கட்டும், யோசனை சொல்லட்டும். பிரேக்கை அழுத்துவதா வேண்டாமா, மருந்தைத் திறப்பதா மூடுவதா என்ற இறுதி முடிவு, மனிதர் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய, இயந்திரம் சரிபார்க்கக்கூடிய சிறிய நிரல் ஒன்றின் கையில் இருக்கட்டும். பின்னாளில் ஒட்டவைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் அது நடக்காது. தொடக்கத்திலேயே பிரித்துக் கட்ட வேண்டும்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கோரிக்கை அல்ல. பாரிஸ் நகரில் ஓட்டுநர் இல்லாமல் ஓடும் 14-ஆம் மெட்ரோ தடம் 1998-இல் திறக்கப்பட்டபோது, அதன் பாதுகாப்புக்குரிய மென்பொருள் கணித முறையில் நிறுவப்பட்டே ஓடத் தொடங்கியது. இரயில்கள் மோதிக்கொள்ளாமல் தடுக்கும் நம் இரயில்வேயின் கவச் அமைப்பு, பாதுகாப்புத் தரத்தின் மிக உயர்ந்த படியான நான்காம் படிக்குரிய சான்று பெற்றது. தண்டவாளத்தில், சிக்னலுக்குக் கட்டுப்பட்டு ஓடும் இரயிலுக்கே அவ்வளவு கண்டிப்பு வேண்டியிருக்கும்போது, ஆடும் மாடும் குழந்தையும் குறுக்கே வரும் சாலையில் ஓடப்போகும் வண்டிக்கு 'இத்தனை கிலோமீட்டர் விபத்தில்லாமல் ஓடியது' என்ற ஒரு வரி போதும் என்று எப்படி ஒப்புக்கொள்வது?

எனவே, மாவட்ட நிர்வாகமோ, உள்ளாட்சி அமைப்போ, கூட்டுறவு நிறுவனமோ தானாக முடிவெடுக்கும் எந்த அமைப்பை வாங்கினாலும், ஒப்பந்தப்புள்ளியில் முடிவெடுக்கும் பகுதி தனியே பிரித்துக் காட்டப்பட வேண்டும் என்றும், அது மீறக்கூடாத நிபந்தனைகள் தமிழிலும் எழுதித் தரப்பட வேண்டும் என்றும், அவற்றை விற்பனையாளர் அல்லாத வேறொருவர் சரிபார்த்திருக்க வேண்டும் என்றும் கேட்க வேண்டுகிறேன். நிபந்தனைகளைத் தமிழில் கேட்பதற்குக் காரணம் உண்டு. எந்த நிபந்தனை விடுபட்டிருக்கிறது என்பதை வளைவில் நாள்தோறும் வண்டி திருப்பும் ஓட்டுநரும், காப்பித் தோட்டத்தில் மருந்து தெளிப்பவரும்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். எழுதப்படாத நிபந்தனையை எந்தச் சரிபார்ப்பானாலும் சரிபார்க்க இயலாது. சரிபார்க்கும் திறனுக்கு நாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்திலும், சிறுசேரியில் உள்ள சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட்டிலும் தருக்கவியலிலும் நிரல் சரிபார்ப்பிலும் நெடுங்காலம் உழைத்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்பின், ஜாவா பாத்ஃபைண்டர் போன்ற சரிபார்ப்புக் கருவிகள் விலையின்றிக் கிடைக்கின்றன. சேலத்துப் பொறியியல் கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்கள் ஒரு பருவத்துக்குள் மேலே சொன்ன வளைவை மாதிரியாக எழுதி, அதன் தடங்களைத் தாமே கண்டுபிடித்துவிடுவார்கள். பாடத்திட்டக் குழுக்களில் உள்ள நண்பர்கள் இதை விருப்பப் பாடமாகவேனும் சேர்க்க முன்வர வேண்டும்.

தங்கள் செய்தியாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இத்தகைய வாகனத்தின் வெள்ளோட்டத்துக்குச் செல்லும்போது, அதன் வேகத்தையும் விலையையும் கேட்டுவிட்டு, 'இது ஒருபோதும் செய்யாது என்று நீங்கள் நிறுவியிருப்பவை எவை, அந்தப் பட்டியலைத் தர முடியுமா?' என்றும் கேட்டு, கிடைக்கும் பதிலை அப்படியே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
கணினி அறிவியல் ஆசிரியை,
அஸ்தம்பட்டி, சேலம்.